கட்டுமானச் செலவு 0.3 சதவீதம் உயர்ந்தது என்றால் உண்மையில் உயர்ந்ததா?

மாதத்தின் முதல் வேலை நாள் காலை பத்து மணி, அமெரிக்க சென்சஸ் பீரோ கட்டுமானச் செலவுக் கணக்கை வெளியிடும் வழக்கமான நேரம். அடுத்த நிமிடமே செய்தி ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் மார்ச் முதல் தேதி வருவது ஜனவரி மாதக் கணக்கு என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

இந்தக் கணக்கு ஒரு கட்டடத்தின் மொத்த விலையைப் பார்ப்பதில்லை, அந்த மாதத்தில் எவ்வளவு வேலை நடந்தது என்று பார்க்கிறது. பொருள், கூலி, பொறியாளர் கட்டணம், ஒப்பந்தக்காரரின் லாபம் எல்லாம் சேரும். நிலத்தின் விலை சேராது. பெரிய வணிகக் கட்டடங்கள் என்றால் மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த திட்டங்களின் உரிமையாளர்களிடம் மாதாமாதம் கேட்கிறார்கள். தனி வீடுகளுக்கு அப்படிக் கேட்பதில்லை, எத்தனை வீடுகளுக்கு வேலை தொடங்கியது, அவற்றின் மதிப்பு என்ன என்று எடுத்துக்கொண்டு, ஒரு வீடு சாதாரணமாக எந்த வேகத்தில் எழும்புமோ அந்தக் கணக்கில் மாதங்களுக்குப் பிரித்துப் போடுகிறார்கள். அதாவது இதில் ஒரு பகுதி மதிப்பீடுதான். அப்புறம், செய்தியில் வரும் 2 லட்சம் கோடி டாலர் என்பது அந்த மாதத்துச் செலவு இல்லை. இதே வேகத்தில் ஓர் ஆண்டு போனால் எவ்வளவு வரும் என்பது.

எனக்கு இந்த அறிக்கையில் மிகவும் பிடித்தது ஒரு சின்ன நட்சத்திரக் குறி. உதாரணத்துக்கு, '0.3 சதவீதம் (±0.8 சதவீதம்)*' என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான மாற்றம் 0.5 சதவீத இறக்கத்துக்கும் 1.1 சதவீத ஏற்றத்துக்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம், பூஜ்யமும் அதற்குள் அடக்கம், ஆகவே உயர்ந்தது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது என்பதுதான் அந்த நட்சத்திரத்தின் பொருள். தலைப்புச் செய்தியில் முதலில் காணாமல் போவது இதுதான், அது பெரிய தவறு என்பது என் கருத்து. போதாததற்கு, அடுத்தடுத்த மாதங்களில் எண்ணே திருத்தப்படும். 2016 ஜனவரியில், வீடு பழுதுபார்ப்புச் செலவைத் தொகுத்ததில் பிழை நேர்ந்துவிட்டது என்று சொல்லி, 2005 வரை பின்னோக்கிப் போய்த் திருத்தினார்கள்!

விலையேற்றத்தையும் இந்தக் கணக்கு கழிப்பதில்லை. மரத்தின் விலை ஏறினால், ஒரு செங்கல் கூடுதலாக வைக்காமலேயே செலவு கூடிவிடும்.

நுகர்வோர் செலவுக் கணக்கின் சங்கதி வேறு. அமெரிக்கப் பொருளாதாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதுதான். மாத நடுவில் வரும் சில்லறை விற்பனை எண்ணை வைத்து மக்களின் மொத்தச் செலவையும் எடை போடக் கூடாது, அதில் சேவை என்று இருப்பது உணவகங்களும் மதுக்கூடங்களும் மட்டுமே. மருத்துவம், வாடகை, காப்பீடு எல்லாம் தனிநபர் நுகர்வுச் செலவு என்ற இன்னொரு கணக்கில் வருகின்றன. சொந்த வீட்டில் இருப்பவர் தனக்குத் தானே வாடகை கொடுப்பதாகக்கூட அதில் ஒரு தொகை சேர்க்கிறார்கள். இந்தக் கணக்கு விலையேற்றத்தைக் கழித்தும் வெளிவருகிறது. அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் 2012-ல் அறிவித்த 2 சதவீதப் பணவீக்க இலக்கும் இதோடு வரும் விலைக் குறியீட்டை வைத்துத்தான்.

கட்டுமானம், நுகர்வு என்ற இந்த இரண்டு கணக்குகளையும் நான் சேர்த்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் வட்டி. வட்டி ஏறினால் வீடு கட்டுவதைத் தள்ளிப்போடலாம், சாப்பாட்டையும் மருந்தையும் தள்ளிப்போட முடியாது. 2004-ல் 1 சதவீதமாக இருந்த பெடரல் வட்டி 2006 ஜூனில் 5.25 ஆனது, வீட்டுக் கட்டுமானச் செலவு 2006 தொடக்கத்திலேயே உச்சம் தொட்டு இறங்க ஆரம்பித்துவிட்டது. மக்கள் அப்போதும் செலவு செய்துகொண்டுதான் இருந்தார்கள். பொருளாதார மந்தம் தொடங்கிய மாதமாக அதிகாரபூர்வமாகக் குறிக்கப்பட்டது 2007 டிசம்பர்.

சரி, வீட்டுக் கட்டுமானம் இறங்கினால் மந்தம் நிச்சயமா? இல்லை. 2022-ல் வட்டி வேகமாக ஏறியபோதும் அது இறங்கியது, ஆனால் மந்தம் வரவில்லை. அந்த ஆகஸ்டில் சிப் தயாரிப்புக்கு மானியம் தரும் சட்டம் நிறைவேற, தொழிற்சாலைக் கட்டுமானச் செலவு சுமார் இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. மொத்த எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டும் எதிரெதிராக ஓடியது தெரிந்திருக்காது. இன்னொன்று, சிப் ஆலைக்குள் வைக்கும் உற்பத்தி இயந்திரங்கள் இந்தக் கணக்கில் வராது. அதனால் தொழிற்சாலைக் கட்டுமானச் செலவு இறங்கும்போது, முதலீடு வற்றிவிட்டதா, அல்லது சுவரும் கூரையும் முடிந்து பணம் இயந்திரத்துக்குப் போகிறதா என்பதை இயந்திரத் தளவாடங்களின் ஆர்டர் கணக்கைத் தனியாக எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.