கெப் வண்டிக்கு வேறு எஞ்சின்: புத்தகத்தில் திருத்த வேண்டியதும் கராஜில் பார்க்க வேண்டியதும்

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் மலையகத்தின் பழைய ஹைலக்ஸ், எல்200, நிசான் கெப்புகள் (பிக்-அப் வண்டிகள்) பல எஞ்சின் மாற்றித்தான் ஓடின. இப்போதைய விலைக்கு இன்னும் பலர் அதையே செய்கிறார்கள். வேலை கராஜில் முடிந்துவிடுகிறது, ஆனால் வாகனப் புத்தகத்தில், அதாவது பதிவுச் சான்றிதழில், பழைய எஞ்சின் இலக்கம் அப்படியே கிடக்கிறது. வண்டியை விற்கப் போகும்போதோ, லீசிங் எடுக்கும்போதோ, விபத்துக்குப் பிறகோ அது வெளியே வரும்.

எஞ்சின் மாற்றுவதற்குச் சட்டத்தில் தடை இல்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விபரம் மாறினால் உரிமையாளர் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். எஞ்சின் இலக்கம், சீசீ அளவு (எஞ்சின் கொள்ளளவு), எரிபொருள் வகை மூன்றும் சான்றிதழில் தனித்தனிக் கட்டங்களில் இருக்கின்றன. எத்தனை கட்டம் மாறுகிறது என்பதைப் பொறுத்தே அலைச்சலும் கூடும், குறையும்.

அதே மொடல் எஞ்சினைப் போட்டால் இலக்கம் மட்டும் மாறும். டொயோட்டா ஹைலக்ஸில் 3எல் என்ற டீசல் எஞ்சினை எடுத்து இன்னொரு 3எல் வைப்பது இதற்கு உதாரணம். அதே குடும்பத்தில் பெரிய எஞ்சின் போட்டால் சீசீயும் மாறும்: டொயோட்டா 2எல் 2446 சீசீ, 3எல் 2779, 5எல் 2986. பெற்றோல் வண்டிக்கு டீசல் எஞ்சின் வைத்தால் மூன்றும் மாறும். வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் எரிபொருள் வகையையும் பார்ப்பதால் அந்தத் தொகையும் மாறக்கூடும். இந்த மூன்றாவது வகையிலும், டொயோட்டாவின் 1கேஸெட் (1KZ) போல முற்றிலும் வேறு எஞ்சின் போடும்போதும், எஞ்சினுக்கு முற்பணம் கொடுக்கும் முன்பே திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பொருத்திய பிறகு ‘இது முடியாது’ என்று கேட்டால் நட்டம் உங்களுக்குத்தான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இலக்கம் பொறிக்கப்பட்டிருப்பது பிளொக்கில், அதாவது சிலிண்டர்கள் உள்ள எஞ்சினின் உடலில். ஹெட், கிராங்க், பிஸ்டன், பம்ப் எதை மாற்றினாலும் புத்தகத்தில் கை வைக்கத் தேவையில்லை. பிளொக் வெடிக்காமல், சிலிண்டரைக் கடைந்து (போர் செய்து) உள்ளே புதிய உறை (ஸ்லீவ்) போட இடமிருந்தால், பழைய பிளொக்கையே கட்டுவது பெரும்பாலும் புத்திசாலித்தனம். பாஸ்மார் (மெக்கானிக்குகள்) முழு எஞ்சின் போடச் சொல்வது வேலை சுருங்கும் என்பதற்காகவும் இருக்கலாம். ‘ஷோர்ட் பிளொக்’ (கிராங்க், பிஸ்டனோடு கட்டிய, ஹெட் இல்லாத பிளொக்) வாங்கினால் இலக்கமும் கூடவே வருகிறது என்பதை மறக்காதீர்கள்.

எஞ்சின் வாங்கும் இடத்தில்

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் கண்டியில் வாங்கினாலும் பில்லில் ‘எஞ்சின் 1’ என்று மட்டும் எழுதினால் அந்தப் பில் திணைக்களத்தில் உதவாது. எஞ்சின் மொடலும் முழு இலக்கமும் பில்லில் இருக்க வேண்டும். கடையின் பெயர், முகவரி, திகதி, கையொப்பம், முத்திரையும் வேண்டும். இறக்குமதி செய்த ரீகண்டிஷன் எஞ்சின் என்றால் சுங்கப் பிரகடனத்தின் பிரதியையும் அன்றே கேட்டு வாங்குங்கள். ‘பிறகு அனுப்புகிறோம்’ என்பதை நம்பி ஹட்டனுக்கு ஏற வேண்டாம்.

உள்ளூரில் உடைத்த வாகனத்தின் எஞ்சின் என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அந்த இலக்கம் இன்னொரு வாகனத்தின் பதிவில் இருக்கிறது. அந்த வாகனத்தின் புத்தகப் பிரதி, உரிமையாளரின் கையொப்பமிட்ட விற்பனைக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது லீசிங்கில் இருந்த வாகனமா என்பதைப் புத்தகப் பிரதியில் பாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் அந்த எஞ்சினை விட்டுவிடுங்கள்.

இலக்கத்தை வாசிப்பதிலும் தவறு நடக்கிறது. பிளொக்கில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள். கிரைண்டர், எமரித் தாள், வயர் பிரஷ் எதுவும் அந்த இடத்தில் படக்கூடாது. இலக்கம் சுரண்டப்பட்டது போலத் தெரிந்தால் பரிசோதகர் சந்தேகப்படுவார். விடயம் பொலிஸுக்குப் போனால் அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்வரை வண்டி அங்கேயே நிற்கலாம். துடைத்த பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள், படமும் பிடியுங்கள். எஞ்சின் உள்ளே இறங்கிவிட்டால் இலக்கம் பம்புக்கோ ஓல்டனேட்டருக்கோ பின்னால் மறைந்துபோவது சாதாரணம்.

திணைக்களத்துக்குக் கொண்டுபோக வேண்டியவை

அசல் பதிவுச் சான்றிதழ், நடப்பு வருமான அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, எஞ்சின் பில், சுங்கப் பிரதி அல்லது பழைய வாகனத்தின் ஆவணங்கள், பொருத்திய கராஜின் கடிதம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுங்கள். உங்கள் வண்டி லீசிங்கில் இருந்தால் நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது. புத்தகம் இன்னும் முந்திய உரிமையாளர் பெயரில் இருந்தால் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள்.

மோட்டார் வாகனப் பரிசோதகர் வண்டியை நேரில் பார்த்து இலக்கத்தைச் சரிபார்ப்பார். இதை உங்கள் மாவட்ட அலுவலகத்தில் செய்யலாமா, கொழும்புப் பக்கமுள்ள வெரஹெரா அல்லது நாரஹேன்பிட்டி அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா, அன்றைய கட்டணம் எவ்வளவு என்பதைப் போகும் முன் கேளுங்கள். அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்தில் தமிழிலேயே விசாரிக்கலாம். நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு வண்டியை இறக்கிவிட்டு முற்பதிவு இல்லை என்று திரும்புவது வீண் டீசல்.

ஃபோர் வீலில் பிசகும் இடங்கள்

2எல், 3எல், 5எல் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் கியர்பொக்ஸோடு இணையும் பெல் ஹவுசிங் பொருந்தும், கியர்பொக்ஸை மாற்றத் தேவையில்லை. சிக்கல் சம்பில், அதாவது எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தட்டில், வரும். கிடைக்கும் 5எல் எஞ்சின்கள் பல டொல்பின் (டொயோட்டா ஹையேஸ்) வேனிலிருந்து வருபவை. அதன் சம்ப் ஃபோர் வீல் ஹைலக்ஸுக்கு ஒத்துவராது. முன் அக்ஸல் மேலே எழும்பும்போது டிஃபரென்ஷல் சம்பில் முட்டும். பழைய எஞ்சினின் சம்பையும் அதிலிருந்து ஒயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரையும் சேர்த்தே மாற்றுங்கள். சம்பை மட்டும் மாற்றி ஸ்ட்ரெய்னரை விட்டால், செங்குத்தான ஏற்றத்தில் ஒயில் பின்னால் ஓடிப்போய் ஸ்ட்ரெய்னர் காற்றை இழுக்கும், பேரிங் போகும். எஞ்சினை உயர்த்தி மவுன்ட் போட்டுச் சமாளிப்பவர்களும் உண்டு. அப்போது ஃபேன் ரேடியேட்டர் கவரில் உரசும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் கெடும்.

இறக்கத்தில் ஓடும் வண்டிக்கு, பெடலை மிதிக்கும் விசையைக் கூட்டும் பிரேக் பூஸ்டர்தான் உயிர். டீசல் எஞ்சினின் மெனிஃபோல்டில் பூஸ்டருக்குப் போதிய வெக்கியூம் (வெற்றிட இழுவை) கிடையாது. ஓல்டனேட்டரின் பின்னால் இருக்கும் சிறு வெக்கியூம் பம்ப்தான் பூஸ்டரை இயக்குகிறது. பெற்றோல் கெப்புக்கு டீசல் போடும்போது பழைய ஓல்டனேட்டரையே மாட்டிவிட்டால் பெடல் கல்லாகிவிடும். இறம்பொடை வளைவுகளில் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது. கராஜிலேயே எஞ்சினை அணைத்துப் பெடலை மூன்று நான்கு தடவை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் சரி.

டிஃபரென்ஷல் விகிதத்தை மாற்ற நினைத்தால் முன்னும் பின்னும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி ஃபோர் வீல் போட்டால், முன் பின் அக்ஸல்களுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வோட்டர் பம்ப், பின் ஒயில் சீல், கிளட்ச் பிளேட் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். மிட்சுபிஷி 4டி56இல் பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டையும் மாற்றுங்கள். அது அறுந்து டைமிங் பெல்ட்டுக்குள் போனால் வால்வுகள் வளையும். 1கேஸெட் நல்ல இழுவை எஞ்சின்தான், ஆனால் சூடேறினால் ஹெட் வெடிக்கும். பழைய ரேடியேட்டரோடு அதைப் போடாதீர்கள். கம்ப்யூட்டர் பெட்டியும் முழு வயரிங்கும் இல்லாமல் விற்கும் 1கேஸெட்-டிஈயை வாங்கவே வேண்டாம்.

குளிரில் டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆக உதவும் க்ளோ பிளக்கின் வோல்ட்டைப் பாருங்கள். டொயோட்டாவில் 6 வோல்ட்டும் வருகிறது, 12க்கான பிளக்கும் வருகிறது. ரிலேயும் பிளக்கும் ஒத்துப்போகாவிட்டால் பிளக் எரியும், அல்லது மார்கழிக் காலையில் வண்டி எழும்பாது. சூடேறும் என்று பயந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது இங்கே பரவலான பழக்கம். நுவரெலியாக் குளிரில் அப்படி ஓடும் எஞ்சின் உரிய வெப்பத்துக்கு வராமல் தேய்ந்துபோகும்.

புகைப் பரிசோதனை

ஆண்டு வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழ் கட்டாயம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பின் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத டீசலுக்குக் கொழும்பில் செட் பண்ணிய டீசல் பம்ப் மேலே வந்ததும் டீசலை அதிகமாகவே ஊற்றும், புகை கறுக்கும். இழுவை போதவில்லை என்று டீசல் ஸ்க்ரூவை இன்னும் திருகினால் புகைதான் கூடும். டீசலைத் தெளிக்கும் நோசலைச் சோதித்து, பம்பை வண்டி ஓடும் உயரத்துக்கு ஏற்ப அமைக்கச் சொல்லுங்கள், ஏயர் ஃபில்டரை மாற்றுங்கள். நிலையத்துக்கு எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே போங்கள்.

திருத்திய புத்தகம் கைக்கு வந்ததும் அதன் பிரதியைக் காப்புறுதிக் கொம்பனிக்குக் கொடுத்து, புதிய இலக்கத்தையும் சீசீயையும் பத்திரத்தில் ஏற்றச் சொல்லுங்கள். பெரிய கோரிக்கை வரும்போது செசி இலக்கத்தோடு எஞ்சின் இலக்கத்தையும் பார்க்கிறார்கள். வருமான அனுமதிப்பத்திரம் முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது எஞ்சின் வேலையைத் தொடங்கினால், அடுத்த பத்திரத்தைத் திருத்திய விபரத்தோடு பிரதேச செயலகத்தில் எடுத்துக்கொள்ளலாம்.