முதுமையில் புரோபயாடிக்: குடலுக்குள் என்ன நடக்கிறது?

வயதானவர்களுக்குச் சாதாரண சளிகூட சட்டென்று நெஞ்சுக்கு இறங்கிவிடுகிறது. தடுப்பூசியும் இளைஞர்களுக்குப் பலன் தரும் அளவுக்கு அவர்களுக்குத் தருவதில்லை. கிருமிகளோடு போராடும் டி செல்களைப் பக்குவப்படுத்தும் தைமஸ் சுரப்பி சுருங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இன்னொரு மாற்றம் குடலில் நடக்கிறது. அங்கே பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியாக்கள் குறைகின்றன. பல் போய் காய்கறி குறைந்த சாப்பாடும், அடிக்கடி எடுக்கும் ஆன்டிபயாடிக்கும் அந்தக் குறைவை இன்னும் கூட்டுகின்றன. உடம்புக்கு நல்லது செய்யும் இப்படிப்பட்ட பாக்டீரியாவை உயிரோடு மாத்திரையாகவோ பாலில் கலந்தோ தருவதுதான் புரோபயாடிக்.

நம் நோய் எதிர்ப்புச் செல்களில் பெரும்பங்கு குடல் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பேயர் திட்டுகள் என்ற மேடுகள் உண்டு. அவற்றின் மேற்பரப்பில் உள்ள எம் செல்கள், அந்த வழியாகப் போகும் பாக்டீரியாவைப் பிடித்து உள்ளே இழுக்கும். கீழே காத்திருக்கும் டென்ட்ரிடிக் செல் அதை வாங்கி, டி செல்களுக்கு அடையாளம் காட்டும். அடுத்து பி செல்கள் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கத் தூண்டப்படும். புரோபயாடிக் வேலை செய்யும் முக்கியமான வழிகளில் இதுவும் ஒன்று. அந்த பாக்டீரியா பெரும்பாலும் குடலில் தங்குவதில்லை, நிறுத்திய கொஞ்ச நாளில் வெளியேறிவிடும். அதனால்தான் தினமும் எடுக்கச் சொல்கிறார்கள்.

பலன் உண்டா? எந்த ரகம், எதற்காக என்பதைப் பொறுத்தது. 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், 63 முதல் 84 வயதுள்ள 30 பேர் எச்என்019 என்ற பிஃபிடோ ரகம் கலந்த பாலை 3 வாரம் குடித்தார்கள். கிருமி தாக்கிய செல்களை அழிக்கும் என்கே செல்களின் வேகம் கூடியது. எதிர்ப்பு சக்தி மிகவும் தளர்ந்திருந்தவர்களுக்கே அதிகப் பலன். ஆனால் ரத்தப் பரிசோதனையில் தெரியும் முன்னேற்றம் வேறு, நோய் வராமல் இருப்பது வேறு. 2013-ல் பிரிட்டனில், மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் எடுத்த 65 வயதைக் கடந்த 2,941 பேரிடம் வேறு ரகங்களின் கலவையைச் சோதித்தார்கள். ஆன்டிபயாடிக்கால் வரும் பேதி குறையவில்லை. எனவே டப்பாவில் 'புரோபயாடிக்' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, ரகத்தின் முழுப் பெயரும் அளவும் இருக்க வேண்டும்.

நம் வீட்டுத் தயிரிலும் உயிருள்ள பாக்டீரியா உண்டு. எந்த ரகம், எத்தனை என்று அளந்து சொல்ல முடியாது. ஆனாலும் முதியவர்களுக்குப் புரதமும் கால்சியமும் தரும் நல்ல உணவு. அதோடு கீரை, பயறு, சிறுதானியம் தட்டில் இருக்கட்டும். அந்த நார்ச்சத்தைத் தின்றுதான் குடலில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுவே முக்கிய எரிபொருள்.

கீமோதெரபியில் இருப்பவர்களும், மருந்து ஏற்ற இதயத்தை ஒட்டிய பெரிய ரத்தக்குழாயில் குழாய் பொருத்தியிருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் புரோபயாடிக் மாத்திரை எடுக்கவே கூடாது. அபூர்வமாக இந்த பாக்டீரியா ரத்தத்தில் கலந்து தொற்றை உண்டாக்கியிருக்கிறது.