குழம்பு மட்டும் ஊத்திக்கோ

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர்க் கறிக்கடை வரிசை விடியும் முன்னே தெருமுனையைத் தொட்டுவிடும். புரட்டாசி முழுக்க முட்டையைக்கூடத் தொடாத குடும்பங்கள் அவை. ஒரு மாதம் பெரிய சிரமம் இல்லாமல் இருந்தவர்கள்தான். ஆனால் அவர்களில் ஒருவர் வேறொரு மாதத்தில், தனியாக, "இனிமேல் கறியே வேண்டாம்" என்று முடிவெடுத்தால், நான் பார்த்தவரை இரண்டு மூன்று ஞாயிறுகளைத் தாண்டுவதே பெரும்பாடு. நானும் இருமுறை ஆரம்பித்து விட்டுவிட்டேன். மூன்றாவது முறை நிலைத்தது. இப்போது ஆறு வருடம் ஆகிறது.

விட முடியாதவர்களை மன உறுதி இல்லாதவர்கள் என்று சொல்லிவிடுகிறோம். அது நியாயமில்லை. நாக்கு, மூக்கு, குடல் மூன்றிலும் நடப்பது தெரிந்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் அம்மா சொன்னதிலிருந்தே தொடங்கலாம். "கறி வேண்டாம்னா விடுப்பா, குழம்பு மட்டும் ஊத்திக்கோ." பல வீடுகளில் கேட்கிற பேச்சுதான் இது. துண்டை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்பவர்களுக்கும் கறி சாப்பிட்ட நிறைவு வந்துவிடுகிறது. காரணம், நாக்கு தேடுகிற பொருள் நீரில் கரையக்கூடியது. துண்டில் இருந்ததில் கணிசமான பங்கு குழம்பில் இறங்கியிருக்கும்.

அந்த ருசிக்குக் காரணமான பொருள் எது என்று முதலில் கண்டவர் டோக்கியோவைச் சேர்ந்த வேதியியலாளர் கிகுனே இகெடா. கடற்பாசி போட்டுக் கொதிக்கவைத்த சாற்றில் இனிப்பும் இல்லாத, உப்பும் இல்லாத ஒரு ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடி, 1908-ல் குளூட்டமேட் என்ற பொருளைக் கண்டார். அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். நம் அறுசுவைப் பட்டியலில் இது இல்லை. இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கைப்பு என்று எண்ணி முடித்த பிறகும் எலும்புச் சாறு குடிக்கும்போது நாவின் அடிவரை பரவுகிற ஒன்று மிச்சமிருக்கிறது. அதுதான் உமாமி. 1913-ல் இகெடாவின் மாணவர் ஷிண்டாரோ கொடாமா, உலர்த்திய மீனிலிருந்து இனோசினேட் என்ற இரண்டாவது பொருளைப் பிரித்தார்.

இந்த இரண்டும் தனித்தனியாக இருந்தால் ருசி சுமார்தான். சேர்ந்தால் கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு. நாக்கின் சுவை மொட்டுகளில் குளூட்டமேட்டை உணரும் ஒரு புரதம் இருக்கிறது. இரண்டு இதழ் கொண்ட பொறிபோல அது குளூட்டமேட்டைப் பிடித்து மூடிக்கொள்ளும். அந்த மூடலின் விளிம்பில் இனோசினேட் வந்து உட்கார்ந்தால் இதழ்கள் சட்டென்று திறக்காது. மூளைக்குப் போகும் சைகையும் நீளும். உயிருள்ள தசையில் ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு, உயிர் போனபின் படிப்படியாகச் சிதைந்து இனோசினேட் ஆகிறது. ஆகவே கறியிலும் மீனிலும் அது தானாகவே நிறைய இருக்கும். காய்கறியில் அநேகமாகக் கிடையாது. தக்காளி, வெங்காயம் வதக்கி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைக்கும்போது, தக்காளியின் குளூட்டமேட்டையும் கருவாட்டின் இனோசினேட்டையும் ஒரே சட்டியில் சேர்க்கிறோம். கறியை விட்டவரின் நாக்கு இழப்பது இந்தச் சேர்க்கையை.

காய்கறி உலகில் இதற்கு ஈடாக ஒன்று உண்டு: உலர் காளான். காளானை உலர்த்திச் சூடாக்கும்போது அதன் செல்களிலுள்ள ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு சிதைந்து குவானிலேட் என்ற பொருள் உருவாகிறது. இது இனோசினேட் செய்யும் அதே வேலையைச் செய்யும். நன்றாகப் பழுத்த தக்காளியைச் சுருள வதக்கி, ஊறவைத்த உலர் காளானை அந்த ஊறிய தண்ணீரோடு சேர்த்து ஒரு குழம்பு வைத்துப் பாருங்கள். என் மூன்றாவது முயற்சியைக் காப்பாற்றியதில் அந்தக் குழம்புக்குப் பெரிய பங்குண்டு.

அடுத்தது மூக்கு. வறுபடும்போது புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் உண்டாகின்றன. 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் லூயி கமில் மையார்டின் பெயரில் இது மையார்டு வினை எனப்படுகிறது. தேங்காய் வறுத்தாலும் சேப்பங்கிழங்கை ரோஸ்ட் செய்தாலும் நடப்பது இதே வினைதான். கறிக்கு மட்டும் கூடுதலாக இரண்டு உண்டு. ஒன்று, கந்தகம் கலந்த மணப்பொருள்கள். இரண்டு, அந்தந்த விலங்கின் கொழுப்புக்கே உரிய மணம். ஆட்டுக்கறியின் வாடை அதன் கொழுப்பிலுள்ள சில கிளைத்த கொழுப்பமிலங்களிலிருந்து வருகிறது. முதலாவதற்குப் பூண்டும் வெங்காயமும் பெருங்காயமும் ஓரளவு ஈடுகொடுக்கும், மூன்றிலும் கந்தகச் சேர்மங்கள் இருப்பதால். இரண்டாவதற்கு ஈடே இல்லை. அதைத் தேடாமல் இருக்கப் பழகுவது ஒன்றுதான் வழி.

மணத்தைத்தான் நான் பெரிய எதிரியாக நினைக்கிறேன். மூக்கிலிருந்து வரும் சைகை, உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதிகளுக்கு மிகக் குறுகிய வழியில் போய்ச் சேர்கிறது. ஞாயிறு பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டில் பட்டை, கல்பாசி தாளிக்கும் வாசம் வந்தால், எச்சில் ஊறிய பிறகுதான் நாம் சைவம் என்ற நினைப்பே வரும். புரட்டாசி ஏன் எளிதென்று இப்போது புரியும். அந்த மாதம் நம் வீட்டில் மட்டுமல்ல, தெருவிலேயே அந்த வாசம் குறைந்துவிடுகிறது. கூடச் சாப்பிடுபவர்களும் நம்மைப் போலவே இருக்கிறார்கள். 2014-ல் மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுபவர்கள். அந்த ஊரில் ஒருவர் மட்டும் பங்குனியில் கறியை விடுவது வேறு வகைப் போராட்டம்.

மூன்றாவது குடல். கறியை விட்ட முதல் வாரங்களில் வயிறு உப்பும். கறிக்குப் பதிலாகத் திடீரென்று கொண்டைக்கடலை, மொச்சை, காராமணி என்று இறங்கியிருப்போம். இவற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. முழுசாகப் பெருங்குடலுக்குப் போகும் அவற்றை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன. பலர் இந்த இடத்தில்தான் "எனக்குச் சைவம் ஒத்துக்கலை" என்று திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்தால் போதும். உணவு மாறிய சில நாட்களிலேயே குடல் நுண்ணுயிர்களின் கலவை மாறத் தொடங்குவதை 2014-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பயறைச் சிறிய அளவில் தொடங்கி, இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் உப்பசம் வெகுவாகக் குறையும். முளைகட்டினால் இன்னும் நல்லது.

புரதம் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், தேவைக்கு மேலாகவே. புரதத்தின் அமினோ அமிலங்களில், அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இட்லியும் பொங்கலும் அடையும் இரண்டையும் சேர்த்துவிடுகின்றன. பருப்பின் அளவைத் தாராளமாக வைத்துக்கொண்டால் போதும். இரும்புச் சத்தில்தான் கவனம் வேண்டும், முக்கியமாகப் பெண்களுக்கு. கறியிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ளும் அளவுக்குக் கீரையிலும் பயறிலும் உள்ளதை எடுத்துக்கொள்ளாது. சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் வைட்டமின் சி அதை உறிஞ்ச உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதன் டானின்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எனக்குப் பயம் தந்தது பி12. இந்த வைட்டமினை எந்தச் செடியும் செய்வதில்லை, எந்த விலங்கும் செய்வதில்லை. பாக்டீரியாவும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிரும்தான் செய்யும். மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள பாக்டீரியாக்கள் செய்வதை மாடு கீழே சிறுகுடலில் உறிஞ்சிக்கொள்கிறது. நம் பெருங்குடலிலும் அதைச் செய்யும் பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் பி12-ஐ உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி, அதாவது பெருங்குடலுக்கு மேலே. மடைக்குக் கீழே ஊறுகிற தண்ணீர் மேட்டு வயலுக்கு ஏறாது.

நாளொன்றுக்குத் தேவை இரண்டரை மைக்ரோகிராம் போலத்தான். ஈரலில் சில ஆயிரம் மைக்ரோகிராம் சேமிப்பு இருக்கும், பித்தநீரோடு வெளியேறுவதையும் உடல் திரும்ப எடுத்துக்கொள்ளும். எனவே கறியை விட்டுச் சில வருடங்கள் வரைகூட ஒன்றும் தெரியாது. எனக்கு நான்காம் வருடம் இரவில் பாதம் மரமரத்தது. கீரை அதிகம் சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கீரையிலுள்ள ஃபோலேட் என்ற வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடக்கூடும், நரம்புச் சேதம் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். நீண்ட நாள் விட்டால் அது முழுதாகத் திரும்பாமலும் போகலாம். தினமும் பால், தயிர் நன்றாகச் சேர்ப்பவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. அவற்றையும் விட்டவர்கள் மாத்திரை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். சுருள்பாசித் (ஸ்பைருலினா) தூளில் பி12 இருப்பதாகச் சொல்வது பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம்.

என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர் ஊசி போட்டு, பிறகு மாத்திரை கொடுத்தார். வீட்டில் வேறு யாருக்காவது கால் மரமரப்பு உண்டா என்று கேட்டார். அம்மாவுக்கு இருந்தது. கறி சாப்பிடுபவர்தான், ஆனால் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறார். அந்த மாத்திரை பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். மறுநாள் காலை அவரையும் ரத்தம் கொடுக்க அழைத்துப் போனேன். அளவு என்னுடையதைவிடக் குறைவாக இருந்தது.