ஜெராக்ஸ் எடுக்காமல் விட்ட 14 பக்கங்கள்

போன ஆடி மாதம் ஒரு தம்பி என் கிட்டார் வகுப்புக்கு வந்தார். உசிலம்பட்டிக்குப் பக்கத்து ஊர், கல்லூரியில் இரண்டாம் வருடம். ஊர் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு கிட்டார் வாசிப்பவர். 2 வருடமாக யாரிடமும் போகாமல், ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே பழகியிருக்கிறார். அந்த முயற்சிக்கே அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் அவர் என்னிடம் வந்தது பாடம் படிக்க இல்லை.

“எஃப் கார்டு பிடிச்சா மணிக்கட்டு வலிக்குது சார். பத்து நிமிஷத்துல கை மரத்துப் போயிருது. என்னன்னு பாருங்க” என்றார்.

கார்டு என்பது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் பிடி. வாசிக்கச் சொன்னேன். பார்த்தவுடனே தெரிந்தது. கட்டைவிரல் கிட்டாரின் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. மணிக்கட்டு முன்பக்கமாக மடங்கி நிற்கிறது. விரல்கள், கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் இரண்டு ஃப்ரெட் கம்பிகளுக்கு நட்டநடுவில் அழுத்துகின்றன. அங்கே அழுத்தினால் நாதம் சுத்தமாக வராது. அதனால் இன்னும் பலமாக அழுத்துகிறார். 2 வருடமாக இதுதான் நடந்திருக்கிறது.

“எந்த புத்தகம் பாத்துப் பழகுனீங்க தம்பி?” என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கல்லூரிப் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டது. முதல் தாளைத் திருப்பினேன், பக்க எண் 15.

“முன்னாடி உள்ள பக்கமெல்லாம் எங்க?”

“அது பூரா எழுத்துதான் சார். இங்கிலீஷு. பயிற்சி இருக்குற பக்கத்த மட்டும் எடுத்தேன்.”

அதே புத்தகம் என் அலமாரியில் இருந்தது. எடுத்து விரித்து, விடுபட்ட 14 பக்கங்களையும் அவரோடு உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். ஒரு மணி நேரம் ஆனது. எப்படி உட்கார வேண்டும், கழுத்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், கட்டைவிரல் நடுவிரலுக்கு நேர் பின்னால் கழுத்தின் முதுகில் ஏன் இருக்க வேண்டும், விரலை ஃப்ரெட்டை ஒட்டி அதற்குச் சற்று முன்னால் ஏன் வைக்க வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. அவருடைய வலிக்குக் காரணமான மூன்று தவறும், அவற்றைத் திருத்தும் வழியும், 2 வருடம் முன்பே அந்தக் கடையில் அவர் கைக்கு வந்து, பிரதி எடுக்கப்படாமல் போயிருக்கின்றன.

இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மேலூரிலிருந்து வருகிறவர்களிடம், திருமங்கலத்திலிருந்து வருகிறவர்களிடம், டவுனுக்குள்ளேயே இருப்பவர்களிடமும். ஜெராக்ஸ் எடுக்காதவர்கள்கூட, காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் எழுத்து வரும் பக்கங்களைத் தாண்டி, படமும் எண்ணும் வரும் இடத்துக்குப் போய்விடுகிறார்கள். காரணம் சோம்பல் இல்லை. ஆங்கிலம். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு எண் மொழி தெரியாமலே புரிந்துவிடுகிறது, பத்தி புரிவதில்லை. அதை யாரிடமாவது கேட்கக் கூச்சம். கூச்சப்பட ஒன்றுமே இல்லை. வீட்டில், தெருவில், கல்லூரியில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அரை மணி நேரம் உட்கார வைத்து, அந்தப் பக்கங்களைத் தமிழில் சொல்லச் சொல்லி, ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத்தைத் தாண்டினால் எண்களும் தப்பாகத்தான் புரியும். நம் ஊரில் நிறையப் பிள்ளைகள் முதலில் கீபோர்டு படித்துவிட்டு கிட்டாருக்கு வருகிறார்கள். கீபோர்டில் 1 என்றால் கட்டைவிரல். கிட்டாரில் இடது கைக்கு 1 என்றால் ஆள்காட்டி விரல், 4 என்றால் சுண்டுவிரல். ஒரு பத்து வயதுப் பாப்பா மூன்று வாரமாக எல்லா கார்டையும் ஒரு விரல் தள்ளியே பிடித்துக்கொண்டிருந்தாள், சுண்டுவிரலைத் தொடவே இல்லை. வெறும் எண் விரலைக் குறிக்கும், வட்டத்துக்குள் இருக்கும் எண் கம்பியைக் குறிக்கும், ரோமன் எண் கை எந்த ஃப்ரெட்டில் தொடங்க வேண்டும் என்பதைக் குறிக்கும். முதல் கம்பி என்பது மெல்லிய கம்பி, மேலே தடியாக இருப்பது இல்லை. வலது கை விரல்களுக்கு வரும் பி, ஐ, எம், ஏ என்ற எழுத்துகள் அந்த விரல்களின் ஸ்பானியப் பெயர்களிலிருந்து வந்தவை: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல். இதெல்லாம் அந்த முன்பக்கங்களில் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கும். பிறகு புத்தகம் முழுக்க நமக்குத் தெரியும் என்று நம்பி எழுதிக்கொண்டே போவார்கள்.

டேப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு கோடு போட்டு, எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண் போடும் முறை அது. தொடங்குவதற்கு அருமையான வழி. ஆனால் எந்த விரல், எவ்வளவு நேரம் என்பதை வெறும் டேப் பெரும்பாலும் சொல்வதில்லை. அதனால் புத்தகம் வாங்கும்போது மேலே ஐந்து கோட்டு நொட்டேஷன், கீழே டேப், இரண்டும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் இன்னொன்று: கிட்டார் நோட்டு எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி கீழேதான் ஒலிக்கும். பாடற்குழுவில் கீபோர்டும் கிட்டாரும் ஒரே தாளைப் பார்த்து வாசிக்கும்போது வரும் குழப்பத்தில் பாதி இதனால்தான்.

சரி, ஒரு பக்கத்தை எப்படிப் பழகுவது?

மௌரோ ஜூலியானி என்ற இத்தாலியக் கிட்டார் கலைஞர் 1812-ல் வியன்னாவில் ஒரு பயிற்சி நூல் வெளியிட்டார். அதன் முதல் பகுதியில் வலது கைக்கு மட்டும் 120 பயிற்சிகள். அத்தனையிலும் இடது கை மாறி மாறிப் பிடிப்பது இரண்டே கார்டு, சி-யும் ஜி7-ம். முதலில் பார்ப்பவருக்குச் சலிப்பாக இருக்கும். யோசித்தால் அதில் இருக்கும் அக்கறை புரியும். வலது கை கற்றுக்கொள்ளும்போது இடது கை தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று ஒதுக்கி வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்து நல்ல பயிற்சி நூல் எல்லாமே இப்படித்தான், ஒரு பக்கத்தில் ஒரே ஒரு சிரமத்தை வைக்கும். பக்கத்தைத் திறந்ததும் ‘இது எந்தச் சிரமத்துக்காக எழுதியது?’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் தெரியாமல் நூறு தடவை வாசித்தாலும், வேறு ஏதோ ஒன்றைத்தான் பழகிக்கொண்டிருப்போம்.

வேகம் அடுத்தது. நாம் சரளி வரிசையை மூன்று காலத்தில் பழகிய ஊர்க்காரர்கள். முதல் காலம் சுத்தமாகாமல் எந்த வாத்தியாரும் இரண்டாம் காலத்துக்கு விட மாட்டார். கிட்டார் புத்தகத்திலும் அதே கதைதான். பக்கத்தின் தலையில் 100 என்று மெட்ரோநோம் வேகம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு) போட்டிருந்தால், அது போய்ச் சேர வேண்டிய இடம். நீங்கள் 50-ல் தொடங்குங்கள். மூன்று தடவை பிழையில்லாமல், தோள் இறுகாமல் வந்தால் 54. பிழை வந்தால் 46-க்கு இறங்கத் தயங்கக் கூடாது.

என் மாணவி ஒருத்தியின் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். மேல் ஓரத்தில் ‘ஜூன் 3 – 50’. கீழே ‘ஜூன் 6 – 54’. அப்புறம் ‘ஜூன் 9 – 50, தோள் தூக்குது’. நடுவில் இரண்டே இரண்டு தாளக் கட்டங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, ‘இங்க மட்டும் 10 நிமிஷம்’ என்று எழுதியிருக்கிறாள். ஜூலை 2-ல் 84. பத்தாம் வகுப்புப் பிள்ளை, ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கிடைப்பதில்லை. அவள் முழுப் பக்கத்தையும் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்ப்பதே குறைவு. தடுக்குகிற இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். என் வகுப்பில் வேகமாக முன்னேறியவர்கள் எல்லோருடைய புத்தகமும் பென்சில் கிறுக்கலாகத்தான் இருக்கும்.

நான்கு விரலையும் வரிசையாக நான்கு ஃப்ரெட்டில் வைக்கும் பயிற்சி எல்லாப் புத்தகத்திலும் உண்டு. பெரும்பாலும் முதல் ஃப்ரெட்டிலிருந்து அச்சிட்டிருப்பார்கள். கம்பியின் நீளம் 650 மில்லிமீட்டர் என்றால், முதல் நான்கு ஃப்ரெட்டும் சேர்ந்து சுமார் 134 மில்லிமீட்டர். ஐந்திலிருந்து எட்டு வரை உள்ள நான்கும் சுமார் 106 மில்லிமீட்டர்தான். ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் வித்தியாசம். சின்னக் கைக்கு அது பெரிய இடைவெளி. அதனால் நான் எல்லோரையும் ஐந்தாம் ஃப்ரெட்டில் தொடங்கச் சொல்கிறேன். கை பழகப் பழக ஒவ்வொரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி வரலாம். அச்சில் இருப்பதை இப்படி உங்கள் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதில் தவறே இல்லை.

எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஒரு நோட்டை அழுத்திப் பிடித்து வலது கையால் மீட்டிக்கொண்டே இருங்கள். இடது கை அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரு கட்டத்தில் ‘ஜிர்ர்’ என்று கம்பி இரையும். அதற்கு ஒரு நூல் மேலே இருப்பதுதான் தேவையான அழுத்தம். உசிலம்பட்டித் தம்பி இதைச் செய்தபோது, “இவ்வளவுதானா சார்?” என்று மூன்று தடவை கேட்டார்.

புத்தகத்தால் முடியாததும் உண்டு. அது நம்மைப் பார்க்காது, கேட்காது. படம் ஒரு பக்கத்திலிருந்து எடுத்ததாக இருக்கும், மணிக்கட்டு மடங்குவது அதில் தெரியாது. வீட்டில் கண்ணாடி முன்னால் உட்காருங்கள், இல்லையென்றால் போனைச் சாய்த்து வைத்து ஒரு நிமிடம் படம் பிடித்துப் புத்தகப் படத்தோடு ஒப்பிடுங்கள். மாதம் ஒரு முறையாவது தெரிந்தவர் ஒருவரிடம் கையைக் காட்டுங்கள். பக்கத்துப் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குப் போன இளையராஜா, மேற்கத்திய இசையைத் தன்ராஜ் மாஸ்டர் முன்னால் உட்கார்ந்துதான் படித்தார். அவருக்கே ஒரு குரு தேவைப்பட்டார்.

கிட்டாரையும் பாருங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஸ்கேலை வைத்து, ஃப்ரெட்டுக்கும் தடிக் கம்பிக்கும் இடையே எவ்வளவு என்று அளந்து பாருங்கள். ஸ்டீல் கம்பி கிட்டாரில் இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. அந்தத் தம்பியின் கிட்டாரில் 5 இருந்தது. மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தாராம். நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலுக்குக் கழுத்து வளைந்து கம்பி உயர்ந்துவிடும். அப்படிப்பட்ட கிட்டாரில் எவ்வளவு நல்ல புத்தகம் வைத்துப் பழகினாலும் கைதான் கெடும். சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கம்பியை இறக்கிக்கொள்ளுங்கள்.

வலி விஷயத்தில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். விரல் நுனி எரிவது, தோல் தடிப்பது எல்லாம் தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும், சில வாரத்தில் போய்விடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி, விரல் மரத்துப்போவது, இரவில் வலி எழுப்பிவிடுவது, டம்ளரைப் பிடித்தால் நழுவுவது, இவை அப்படி இல்லை. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு தொடர்ந்து வாசிக்காதீர்கள். அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். ‘வலி வந்தாத்தான் வித்தை வரும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வலியோடு வாசித்து, கடைசியில் வாத்தியத்தையே விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், இன்றும் மனசு ஆறவில்லை.

அந்தத் தம்பியை முதலில் மருத்துவரிடம் அனுப்பினேன். மூன்று வாரம் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். திரும்பி வாசிக்கத் தொடங்கியபோதும் பார் கார்டு (எஃப் போல, ஆள்காட்டி விரலால் கம்பிகளை ஒருசேர அழுத்தும் பிடி) கூடாது என்று நிறுத்தி வைத்தேன். ஞாயிறு ஆராதனைக்கு எஃப் வேண்டுமே என்றார். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு ஈ கார்டைப் பிடித்தால் எஃப் வந்துவிடும் என்று காட்டினேன், சமாளித்துக்கொண்டார். விடுபட்ட 14 பக்கங்களை என் புத்தகத்திலிருந்து நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டார். இரண்டு தடவை ‘முடித்த’ அதே புத்தகத்தை இப்போது முதலிலிருந்து பழகுகிறார். போன வாரம் 31-ம் பக்கம், மெட்ரோநோம் 58. வலி இல்லை என்கிறார். எஃப் கார்டு பாடம் 40-ம் பக்கத்தில் இருக்கிறது, தீபாவளிக்குள் அங்கே போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம்.