விடைப் பக்கத்தை மூடி வையுங்கள்

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் என் அறைக்கு வரும் மாணவர்களின் கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு கனத்த கட்டு இருக்கும். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் சமயம் அது. போன வருஷம் வந்த இறுதியாண்டுத் தம்பி ஒருவன் கட்டை மேசையில் வைத்துவிட்டு, "மேடம், பதினைந்து வருஷ பிரீவியஸ் இயர் கொஸ்டின் பேப்பர் முழுக்க முடிச்சாச்சு. அடுத்து என்ன பண்ணட்டும்?" என்றான். புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் கீழேயே தீர்வு அச்சாகியிருந்தது. முக்கியமான வரிகளில் மஞ்சள் ஹைலைட்டர். ஆனால் ஓரத்தில் ஓர் இடத்தில்கூடக் கணக்குப் போட்ட தடம் இல்லை.

ஒரு வெள்ளைத்தாளை நீட்டினேன். அவன் கட்டில் இருந்த கணக்கையே எண்களை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். டி.எல்.பி.யில் (சமீபத்தில் பார்த்த மெமரி முகவரிகளைக் குறித்து வைத்திருக்கும் வேகமான சின்னப் பட்டியல்) தேட 10 நேனோ செகண்ட். மெமரியை ஒருமுறை அணுக 100 நேனோ செகண்ட். நூற்றுக்குத் தொண்ணூறு முறை தேடியது டி.எல்.பி.யிலேயே கிடைத்துவிடுகிறது. பேஜ் டேபிள் (மெமரியிலேயே இருக்கும் முழு முகவரி அட்டவணை) ஒரே அடுக்கு. சராசரியாக ஓர் அணுகலுக்கு எவ்வளவு நேரம்?

எட்டு நிமிடம் ஆனது. "பார்த்த கணக்குதான் மேடம், ஃபார்முலா நாக்கு நுனியில நிக்குது" என்றான். கடைசியில் 119 என்று எழுதினான்.

இதற்கு ஃபார்முலாவே வேண்டாம். டி.எல்.பி.யில் கிடைத்தால் 10, அப்புறம் மெமரிக்கு 100, ஆக 110. கிடைக்காவிட்டால் பேஜ் டேபிளைப் பார்க்க ஒரு 100, தரவை எடுக்க இன்னொரு 100. அதோடு டி.எல்.பி.யில் தேடி ஏமாந்த அந்த 10-ம் சேரும். கடைக்குப் போய்ப் பொருள் இல்லை என்று வெறுங்கையோடு திரும்பினாலும் பஸ் காசு போனது போனதுதானே? ஆக 210. நூறு முறையில் தொண்ணூறுக்கு 110, பத்துக்கு 210 என்று சராசரி எடுத்தால் 99-ம் 21-ம் சேர்ந்து 120. தம்பி அந்த பஸ் காசை விட்டுவிட்டான். எண்ணை நாமே உள்ளிடும் கேள்வியாக இது வந்திருந்தால் 119-க்குக் கால் மார்க்கூடக் கிடையாது.

அவன் சோம்பேறி இல்லை. நான்கு மாதம் உழைத்திருக்கிறான். அந்த உழைப்பு முழுவதும் தீர்வுகளைப் படிப்பதில் போய்விட்டது. அச்சடித்த தீர்வைப் படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் நம் மண்டை ஆடும். "ஆமாம், சரிதான், அடுத்தது இதுதான்." ஆனால் தேர்வறையில் அந்த முதல் வரியை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. எங்கே தொடங்குவது என்று கண்டுபிடிப்பதுதான் பாதிக் கணக்கு. தீர்வைப் படிப்பவன் அந்தப் பாதியைத் தொடுவதே இல்லை.

நானும் இந்தப் பள்ளத்தில் விழுந்தவள்தான். என் முதல் முயற்சி ஓ.எம்.ஆர். தாள் காலத்தில். கிராஃப் தியரியில் ஒரு கேள்வி. அதே மாதிரி ஒன்றை முந்தின வாரம் படித்தது நினைவிருக்கிறது, எந்தப் பக்கம் என்பதுகூட நினைவிருக்கிறது, ஆனால் பேனா நகரவில்லை. அடுத்த வருஷம் முந்தைய வருஷத்தில் பார்த்ததில் பாதிக் கேள்விகளைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன். தொட்டதையெல்லாம் தாளில் போட்டேன். இடம் கிடைத்தது. பதினான்கு வருடமாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆண்டுதோறும் இதே பள்ளம்தான், ஆட்கள் மட்டும் மாறுகிறார்கள்.

புதிதாக வருபவர்களுக்காகத் தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் பொதுத் திறன் 10 கேள்விகள், 15 மதிப்பெண். கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளில் பொறியியல் கணிதத்துக்கு 13. மீதி 72 மதிப்பெண்தான் அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் போன்ற பாடங்களுக்கு. ஒரு கேள்விக்குச் சராசரியாக மூன்று நிமிடம்கூடக் கிடையாது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் ஏழு பழைய ஐ.ஐ.டி.க்களும் முறை வைத்து நடத்துகின்றன. மூன்றாம் ஆண்டு மாணவர்களும் எழுதலாம். ஸ்கோர் மூன்று வருஷம் செல்லும். எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. சில பொதுத்துறை நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்கவும் இந்த ஸ்கோரைப் பார்க்கின்றன. (அரியரை வைத்துக்கொண்டு கேட் படிக்க வருகிறவர்களை நான் முதலில் செமஸ்டர் தேர்வுக்குத்தான் அனுப்புவேன். கோபித்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை.)

பயிற்சிக்கு என்று நான் வாங்கச் சொல்வது ஒரு நீளமான நோட்டு மட்டும். சரியாகப் போட்ட கணக்குக்கு அதில் இடம் இல்லை. தப்பாகப் போனவை மட்டும் ஏற வேண்டும். கேள்வி, என் தப்பு விடை, சரியான விடை, ஏன் தப்பு செய்தேன் என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியில் "சில்லி மிஸ்டேக்" என்று எழுதினால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அந்த வார்த்தையை நான் நம்புவதில்லை. தெரிந்த விஷயம்தான், ஏதோ கை தவறிவிட்டது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம் அது.

ஒரு மாணவியின் நோட்டு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. கேஷ் மெமரி (அடிக்கடி வேண்டிய தரவை வைத்திருக்கும் சின்ன, வேகமான மெமரி) கணக்கு. கேஷ் 32 கே.பி., ஒரு பிளாக் 64 பைட், நான்கு வழி செட் அசோசியேட்டிவ், முகவரி 32 பிட், பைட் பைட்டாக எண்ணுவது. டேக் (இருப்பது எந்தப் பிளாக் என்று அடையாளம் காட்டும் முகவரிப் பகுதி) எத்தனை பிட்? 32 கே.பி.யை 64-ஆல் வகுத்தால் 512 லைன், அதாவது ஒரு பிளாக் உட்காரும் இடங்கள். ஒரு செட்டுக்கு நான்கு லைன் என்பதால் 128 செட். செட்டைக் குறிக்க 7 பிட், பிளாக்குக்குள் இடம் குறிக்க 6 பிட், மீதி 19 டேக். அவள் ஜூலையில் 17 என்று எழுதியிருந்தாள். செப்டம்பரில் வேறு எண்கள் கொண்ட கணக்கில் அதே மாதிரி இரண்டு பிட் குறைவு. நவம்பரில் மறுபடியும். மூன்று முறையும் "நான்கால் வகுக்க மறந்துவிட்டேன்" என்று குறித்திருந்தாள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மேடம், எனக்கு செட்டும் லைனும் ஒண்ணுதான்னு மனசுக்குள்ள ஓடுது போல" என்றாள். மறதி என்றால் நான்கு மாதம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. படம் வரைந்து அரை மணி நேரம் பேசினோம். அந்தத் தப்பு அப்புறம் வரவில்லை.

பேட்டர்னை மனப்பாடம் செய்வது இன்னொரு கண்ணி. தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனில் இதை நன்றாகப் பார்க்கலாம். 0, 1 என்று இரண்டே எழுத்துகள். ஒரு சரம் (எழுத்துகளின் வரிசை), அதை ஒட்டி அதே சரம் தலைகீழாக. இப்படி அமையும் சரங்களின் கூட்டத்தை மொழி என்போம். இந்த மொழி ரெகுலர் இல்லை, அதாவது வரம்புள்ள நினைவு மட்டும் கொண்ட எளிய இயந்திரத்தால் (ஆட்டோமேட்டன்) இதை அடையாளம் காண முடியாது. எல்லாருக்கும் தெரியும். இப்போது இரண்டுக்கும் நடுவில் இஷ்டப்பட்ட ஒரு சரத்தைச் செருகுங்கள். எந்தப் பகுதியும் காலியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் "ரெகுலர் இல்லை" என்பார்கள். "தலைகீழ்" என்ற சொல்லைக் கண்டதும் கை தானாக அந்த விடைக்குப் போய்விடும். ஆனால் முதல் சரத்தை ஒரே ஓர் எழுத்தாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிடலாமே! அப்போது இது, முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றாக இருக்கும், குறைந்தது மூன்று எழுத்துள்ள சரங்களின் கூட்டம் மட்டுமே. முதல் எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு சின்ன ஆட்டோமேட்டன் போதும். ரெகுலர்தான். கேள்வி எடுப்பவர்கள் பழைய தாள்களை நம்மைவிட நன்றாகப் படித்தவர்கள். பழகிய முகத்தோடு வரும் புதுக் கேள்வியை வைப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டு.

"தீர்வைப் பார்க்கவே கூடாதா?" என்று கேட்பார்கள். பார்க்கலாம். ஆனால் தாளில் இருபது நிமிடம் முட்டி மோதிய பிறகு. அதுவும் முதல் வரியை மட்டும். பார்த்துவிட்டு மூடி, மறுபடி போடுங்கள். முடித்த கணக்கை மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை வெறும் தாளில் போட வேண்டும். இப்படிச் செய்தால் ஒரு நாளைக்குப் பதினைந்து கணக்குக்கு மேல் நகராது. விடுதியில் பக்கத்து அறைப் பையன் "இன்னைக்கு அறுபது முடிச்சேன்" என்பான். சொல்லட்டும்.

பழைய தாள்களைப் பற்றி ஒரு குறிப்பு. ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கக்கூடிய கேள்விகள் இப்போதைய முறையில் 2021-ல்தான் வந்தன. அதற்குச் சற்று முந்தைய ஆண்டுகளின் தாள்களில் அவை இல்லை. அதனால் பழைய தாள்களை மட்டும் போட்டுப் பழகியவர்கள், சரியான ஒன்றைக் கண்டதும் மற்ற மூன்றைப் பார்க்காமல் நகரப் பழகிவிடுகிறார்கள். என் வழி இது: பழைய கேள்வியிலும் நான்கு தேர்வுகளையும் தனித்தனிக் கூற்றாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஏன் சரி, ஏன் தப்பு என்று எழுதச் சொல்வேன். ஒரு கேள்வியிலிருந்து நான்கு கேள்வி கிடைக்கும். புதுக் கேள்வி வங்கி எதுவும் வாங்க வேண்டாம்.

நெகட்டிவ் மார்க் பயத்தையும் கணக்குப் போட்டே போக்கலாம். ஒரு விடை மட்டும் சரியாக இருக்கும் கேள்வியில் தப்பாகக் குறித்தால் ஒரு மார்க் கேள்விக்கு ஒரு மார்க்கில் மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மார்க் கேள்விக்கு ஒரு மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கும் கழியும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் நான்கில் ஒரு முறை லாபம், மூன்று முறை நஷ்டம், சராசரி பூஜ்யம். ஆனால் ஒரு தேர்வை நிச்சயமாகத் தள்ளிவிட முடிந்தாலே சராசரி லாபப் பக்கம் சாய்ந்துவிடும். "தெரியாததைத் தொடவே தொடாதே" என்ற அறிவுரை முழுக்கச் சரியில்லை என்பது என் கருத்து. "நிச்சயமாக" என்ற சொல் அங்கே முக்கியம், அவ்வளவுதான். பல விடைக் கேள்விகளுக்கும் எண்ணை உள்ளிடும் கேள்விகளுக்கும் நெகட்டிவ் மார்க்கே கிடையாது. அவற்றை வெறுமையாக விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் பல விடைக் கேள்வியில் அரைகுறையாகச் சரி என்றால் அரை மார்க் தர மாட்டார்கள். முழுதும் சரியாக இருக்க வேண்டும்.

கால்குலேட்டர் திரையில்தான், மவுஸால் ஒவ்வொரு எண்ணாகத் தட்ட வேண்டும். கையடக்கக் கால்குலேட்டரில் பழகிய வேகம் அங்கே உதவாது. வீட்டில் மாக் டெஸ்ட் எழுதும்போதே அதே மாதிரி கால்குலேட்டரை வைத்துப் பழகுங்கள். தாளில் கணக்கைக் கிறுக்கலாக எழுதும் பழக்கம் இருந்தால் அதையும் இப்போதே திருத்துங்கள். ஒரு எண்ணை இரண்டாம் முறை பார்க்கும்போது 7-ஆ 1-ஆ என்று தெரியாமல் மார்க் விட்டவர்கள் என் மாணவர்களிலேயே இருக்கிறார்கள்.

டெலிகிராம் குழுக்களில் சுற்றும் பிடிஎஃப்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் உள்ள விடைகள் பல இடங்களில் தப்பு. போன ஆண்டு ஒரு மாணவன் நார்மலைசேஷன் (டேட்டாபேஸ் அட்டவணைகளை ஒழுங்காகப் பிரிக்கும் முறை) கணக்கு ஒன்றில் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். அவன் போட்டது சரி, பிடிஎஃப்பில் இருந்த விடைதான் தப்பு. சந்தேகம் வந்தால் தேர்வை நடத்திய நிறுவனம் வெளியிட்ட இறுதி விடைக்குறிப்பைப் பாருங்கள். அதிகாரபூர்வமான முதல் விடைக்குறிப்பையே தேர்வர்கள் ஆட்சேபிக்க வழி இருக்கிறது, அப்புறம்தான் இறுதியானது வரும். அப்படியிருக்க, பெயர் தெரியாத பிடிஎஃப்பை வேதவாக்காக எடுத்துக்கொள்ளலாமா?

கோச்சிங் சேரலாமா என்று பெற்றோர் போன் செய்து கேட்பார்கள். பையனுக்கு ஒரு நேர ஒழுங்கு தேவைப்பட்டால் சேர்க்கலாம். பாடம் புரியவில்லை என்பதற்காக என்றால், என்.பி.டெல். என்ற இணையவழிப் பாடத் திட்டத்தின் வீடியோக்களில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களே இலவசமாக நடத்தியிருக்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் முன் இரண்டு வாரம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை ஆயிரம் கேள்விகள் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்களில் நான் கேட்பது ஒன்றுதான்: பையன் தப்பாகப் போட்ட கணக்கை உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்கிறாரா?

அந்த ஆகஸ்ட் மாதத் தம்பி கட்டை எடுத்துக்கொண்டு போனான். ஒரு வாரம் கழித்து, தீர்வுகளை மறைக்க ஓர் அட்டையை வெட்டி வைத்துக்கொண்டு வந்தான். அவனுக்கு அன்று கொடுத்த கணக்கையே உங்களுக்கும் தருகிறேன். மேலே பார்த்த அதே டி.எல்.பி., அதே மெமரி. பேஜ் டேபிள் மட்டும் இப்போது இரண்டு அடுக்கு. சராசரி நேரம் அதே 120 நேனோ செகண்டாகவே இருக்க வேண்டும் என்றால், டி.எல்.பி.யில் நூற்றுக்கு எத்தனை முறை கிடைக்க வேண்டும்? விடையை நான் எழுதப்போவதில்லை. தாளை எடுங்கள்.