கொசுவின் எச்சிலைச் சேகரிக்கும் தேன் அட்டை

ஊரில் யாருக்கும் காய்ச்சல் வருவதற்கு முன்பே கொசுவில் வைரஸைக் கண்டுபிடித்துவிடலாமாமே, அதற்காக ஒவ்வொரு கொசுவையுமா சோதிப்பார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஒவ்வொன்றாகச் சோதித்துக் கட்டுப்படியாகாது. நோய் பரவும் காலத்திலும் பெரும்பாலும் ஆயிரத்தில் சில கொசுக்களிடம்தான் வைரஸ் இருக்கும். அதனால் கொசுவை ஈர்க்கும் கார்பன் டை ஆக்சைடு கசியும் பொறி வைத்துப் பிடித்து, இனம் பிரித்து, 50 வரை ஒரே குப்பியில் போட்டு அரைத்து, வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்வார்கள். பாசிட்டிவ் என்றால் அந்தக் குப்பியில் ஒன்றாவது வைரஸ் உள்ள கொசு.

சரி, அந்தக் கொசு நோயைப் பரப்புமா? அரைத்த கூழ் அதைச் சொல்லாது. நேற்று நோயாளியிடம் குடித்த ரத்தம் வயிற்றில் கிடந்தாலும் பாசிட்டிவ்தான். வைரஸ் குடல் சுவரைத் தாண்டி, உள்ளே பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர வேண்டும். டெங்குவுக்கு இது சுமார் 8 முதல் 12 நாள் வேலை. அதற்குள் பல கொசுக்களின் ஆயுளே முடிந்துவிடும்.

அப்படியானால் எச்சிலையே பார்த்தால் என்ன? கொசு ரத்தம் குடிக்கும்போது மட்டுமல்ல, இனிப்பு உறிஞ்சும்போதும் எச்சில் விடுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட முறை இதை வைத்துத்தான். பொறிக்குள் தேன் தடவிய சிறு அட்டை. மாட்டிய கொசு உயிரோடு அதில் வந்து உட்கார்ந்து, ஊசிவாயை ஊன்றி உறிஞ்சும். கூடவே கண்ணுக்குத் தெரியாத அளவு எச்சிலையும் விட்டுவிட்டுப் போகும். அட்டையில் ஏற்கெனவே ஏற்றிய வேதிப்பொருள் வைரஸைச் செயலிழக்கச் செய்து, அதன் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வை மட்டும் சிதையாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐஸ் பெட்டி வேண்டாம், தொற்றுப் பயமும் இல்லை; அட்டையை உறையில் போட்டுத் தபாலில் அனுப்பலாம். இப்படித்தான் அங்கே, கொசு பரப்பும் மூட்டுவலி நோயான ராஸ் ரிவர் காய்ச்சலின் வைரஸ் அகப்பட்டது. தேனில் கொஞ்சம் சாயம் கலந்துவிட்டால், எந்தக் கொசு குடித்தது என்று வயிற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். தன் குற்றத்துக்குத் தானே சாட்சி எழுதிக் கொடுக்கிறது கொசு!

ஆனால் வாரக்கணக்கில் அட்டையில் ஒன்றுமே வராது. அதைப் பார்த்துத்தான் கணக்குப் பார்ப்பவர்கள் இந்தச் செலவை வெட்டுகிறார்கள் என்பது என் எரிச்சல். காய்ச்சல் பரவிய பிறகு புகையடிக்க மட்டும் எங்கிருந்தோ பணம் வந்துவிடுகிறது.

குறையும் உண்டு. எந்த இனம், எத்தனை கொசு என்று அட்டை சொல்லாது. அதனால் வைரஸ் தெரிந்த இடத்தில் மறுபடி கொசு பிடித்து, இனம் பிரித்து, பழையபடி அரைக்கத்தான் வேண்டும்.