போனுக்குள் ஓடும் லினக்ஸுக்கு இணையம் எங்கிருந்து வருகிறது?

ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற கட்டளைவரிச் செயலியை நிறுவி, அதற்குள் கியூஎம்யூ (ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) மூலம் ஒரு லினக்ஸை ஓட்டினால், அது தன் ஐபி முகவரி 10.0.2.15 என்று சொல்லும். உங்கள் போனிலும் அதேதான், என் போனிலும் அதேதான். வீட்டு ரவுட்டரில் தேடினால் அந்த முகவரி இருக்காது. பிறகு எப்படி அந்த லினக்ஸ் இணையத்துக்குப் போகிறது?

மேசைக் கணினியில் இதற்கு ஒரு வழி பிரிட்ஜ். மெய்நிகர் கணினியும் ரவுட்டரிடம் தனி முகவரி வாங்கிக்கொள்ளும். போனில் அது நடப்பதில்லை. மெய்நிகர் பிணைய அட்டையை உருவாக்க ரூட் அனுமதி, அதாவது கணினி முழுவதையும் ஆளும் அனுமதி வேண்டும், சாதாரண செயலிக்கு அது கிடைக்காது. ரூட் இருந்தாலும் வைஃபை இடிக்கும்: தன்னிடம் பதிவு செய்த மேக் முகவரியிலிருந்து (பிணைய அட்டையின் அடையாள எண்) வருவதை மட்டுமே ரவுட்டர் ஏற்கும். உள்ளே ஓடும் லினக்ஸுக்கோ வேறு மேக் முகவரி.

அதனால் கியூஎம்யூ ஒரு பழைய தந்திரத்தைக் கையாள்கிறது. பெயர் ஸ்லிர்ப். 1990-களின் நடுவில், டயல்-அப் காலத்தில், டேனி காஸ்பரோவ்ஸ்கி எழுதியது. வெறும் ஷெல் கணக்கு (தொலைவிலுள்ள கணினியில் கட்டளைகளை மட்டும் தட்டச்சு செய்ய விடும் கணக்கு) மட்டும் வைத்திருந்தவர்கள் அதைக் கொண்டே முழு இணைய இணைப்பு பெற்றார்கள். அன்றும் பிரச்சினை அனுமதி இல்லாததுதான்.

லினக்ஸ் அனுப்பும் பாக்கெட், அதாவது தரவுப் பொட்டலம், போனை விட்டு வெளியே போவதே இல்லை. ஸ்லிர்ப் அதைப் பிரித்து, எந்தத் தளத்துக்கு, எந்தப் போர்ட்டுக்கு (அங்குள்ள எந்தச் சேவைக்கு என்று காட்டும் எண்) என்று பார்க்கிறது. பிரவுசரோ வாட்ஸப்போ செய்வதுபோல, தானே அங்கே ஒரு சாக்கெட், அதாவது இணைப்பு முனை, திறக்கிறது. வந்த பதிலைப் புது பாக்கெட்டாகக் கட்டி உள்ளே தள்ளுகிறது. நாம் சொல்வதைத் தன் கையெழுத்தில் எழுதி அனுப்பும் கடிதம் எழுதுபவரைப் போல. ஆண்ட்ராய்டின் கண்ணுக்கு இது இணையம் பயன்படுத்தும் இன்னொரு செயலி, அவ்வளவுதான்.

லினக்ஸின் கண்ணுக்கு 10.0.2.2 என்பது கேட்வே, வெளியே போகும் வாசல். அங்கே போய்க் கதவைத் தட்டினால் போனே திறக்கும். ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் வேலை செய்தவர்களுக்கு இந்த எண் பழக்கமானது. 10.0.2.3 டிஎன்எஸ், தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது.

ஒரு முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை பல நேரம் வேலை செய்யாது. அது செயலிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் டிசிபி நெறிமுறையும் இல்லை, யுடிபியும் இல்லை; அதற்கான சாக்கெட்டைத் திறக்கத் தனி அனுமதி தேவைப்படலாம். எனவே பிங் போகாததை வைத்து இணையமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

வெளியிலிருந்து உள்ளே வருவது தனிக் கதை. யாருக்கு வந்தது என்று ஸ்லிர்ப்புக்குத் தெரியாது, நாம்தான் சொல்லி வைக்க வேண்டும்: போனின் 2222 போர்ட்டுக்கு வருவதை உள்ளே லினக்ஸின் 22-க்கு அனுப்பு என்று. போனிலும் 22-ஐயே கேட்க முடியாதா? முடியாது. 1024-க்குக் கீழுள்ள போர்ட்டுகள் சாதாரண செயலிக்குக் கிடைக்காது.

வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள். லினக்ஸ் அதே 10.0.2.15-ல் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். ஆனால் பாதியில் இருந்த டவுன்லோடு நின்றுவிடும், ஏனென்று அதற்குக் கடைசிவரை தெரியாது.